ரயத்துவாரி "நேரடி" முறை என்கிறார்களே, கலெக்டருக்கும் குடியானவனுக்கும் நடுவில் நின்றது யார்?

#1 பசலிக்காரன்

பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஊருக்குப் போனபோது பரண் மேலிருந்த டிரங்குப் பெட்டியை இறக்கினோம். பாதி கரையான். மீதியில் ஒரு துண்டுச் சீட்டு தேறியது. பசலி 1331 என்று தெளிவாகத் தெரிகிறது. ஒரு சர்வே எண், பரப்பு, தொகை, ஊர்க் கணக்கரான கர்ணத்தின் கையெழுத்து. ஓரத்தில் ஏதோ சுருக்கெழுத்து. "பார்த்தியா, உன் கொள்ளுத்தாத்தா நம்ம நிலத்துக்கு வெள்ளைக்காரனுக்குக் கட்டின கிஸ்தி" என்று அப்பாவுக்கு ஒரே பெருமை.

அதை வைத்துக்கொண்டு ஒரு கேள்வி. ஜமீன்தாரி என்றால் நடுவில் ஜமீன்தார், ரயத்துவாரி என்றால் நடுவில் யாரும் இல்லை, சர்க்கார் நேராகக் குடியானவனிடம் வாங்கிக்கொள்ளும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். இந்தப் பக்கம் கஞ்சம், அந்தப் பக்கம் திருநெல்வேலி, மேற்கே மலபார் வரை பரந்த சென்னை ராஜதானிக்கு மொத்தமே இருபத்துச் சொச்சம் கலெக்டர்கள். ஒரு மாவட்டத்தில் லட்சக்கணக்கான பட்டாக்கள். கலெக்டர் இரண்டு மூன்று வருஷத்தில் மாற்றலாகிப் போய்விடுவார். இதில் எதை "நேரடி" என்கிறார்கள்?

என் எண்ணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நேரடி என்பது லண்டனுக்கு எழுதிய அறிக்கையில் இருந்த சொல். ஊரில் இருந்தது கர்ணத்தின் கணக்குத் துணி மூட்டை. அந்த மூட்டையை அவிழ்க்கத் தெரியாமல் ஒரு ராஜதானியையே நடத்த வேண்டியிருந்தது, அதற்காகத்தான் இத்தனை அடுக்கு அதிகாரிகள். மறுப்பவர்கள் மறுக்கலாம்.

#2 ஒத்தையடிப்பாதை

பசலி 1331 என்றால் 1931-ஆ?

#3 பசலிக்காரன்

இல்லை நண்பரே. பசலியோடு 590 கூட்டுங்கள். 1921 ஜூலையில் தொடங்கி 1922 ஜூனில் முடிகிற வருஷம். அறுவடையை ஒட்டி முகலாயர் வைத்த கணக்கு. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் அதை மாற்றாமல் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். நம் தாலுகா அலுவலகத்திலும் இன்றைக்கு அதுதான் ஓடுகிறது.

#4 மானாவாரி

நான் தருமபுரிப் பக்கம். எங்கள் ஊரில்தான் இந்தக் கூத்து தொடங்கியது என்பதால் எழுத உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

1792-இல் திப்புவிடமிருந்து பாரமகால் கம்பெனிக்கு வந்தது. இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி, திருப்பத்தூர் வட்டாரம். அங்கே வரி வசூலிக்க கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் அனுப்பியது சிவில் உத்தியோகஸ்தர்களை அல்ல, பட்டாளத்துக்காரர்களை. சென்னைக் கோட்டையில் உட்கார்ந்து துணி வியாபாரம் பார்த்த சிவிலியன்களுக்கு ஊர்ப் பாஷையும் தெரியாது, ஊர்க் கணக்கும் தெரியாது. ஆகவே கேப்டன் அலெக்சாண்டர் ரீட், அவருக்குக் கீழே மூன்று துணை அதிகாரிகள். அந்த மூவரில் ஒருவர் தாமஸ் மன்றோ. ரயத்துவாரி என்றால் எல்லோரும் மன்றோ பேரைத்தான் சொல்கிறார்கள். நிலத்தை வயல் வயலாக அளந்து, ஒவ்வொரு வயலுக்கும் தீர்வை, அதாவது நிலவரி, வைத்து, பயிரிடுகிறவன் பேரிலேயே எழுதத் தொடங்கியது ரீட். 1796-இல் அவர் போட்ட உத்தரவுப்படி, வேண்டாத வயலைக் குடியானவன் வருஷ ஆரம்பத்தில் விட்டுவிடலாம், வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். விடுவதற்கு ராஜினாமா, எடுப்பதற்கு தர்காஸ்து. இன்றைக்கு மந்திரிதான் ராஜினாமா செய்கிறார், அன்றைக்குக் கேழ்வரகு போட்டவன் செய்தான்.

இது ஏன் எங்கள் ஊரில் நடந்தது? மானாவாரி பூமி. மழை பெய்தால் நாலு ஏக்கர் உழுவான், பெய்யாவிட்டால் ஒன்றரை. சண்டையில் பாதி ஊர் காலி, நிலம் கிடந்தது, ஆள்தான் இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் ஆளுக்கு ஆள் தனியாகக் கணக்கு வைப்பதுதான் ஒத்துவரும். மன்றோ இங்கே கற்றதை எடுத்துக்கொண்டு 1800-இல் நிஜாம் விட்டுக்கொடுத்த பெல்லாரி, கடப்பை, அனந்தபுரம் பக்கம் போனார். அதுவும் வறண்ட சீமை, அங்கேயும் பலித்தது. ஆனால் அவரே 1807-இல், போட்ட தீர்வை அதிகம், கால் பங்கு குறைக்க வேண்டும் என்று எழுதினார். உடனே யாரும் குறைக்கவில்லை.

#5 திருவாரூர்வாசி

மானாவாரி அண்ணன் முக்கியமான இடத்தைத் தொட்டுவிட்டார். புஞ்சைக் காட்டில் கற்ற பாடத்தை நஞ்சையில் நடத்தப்போய்தான் எல்லாம் குழம்பியது.

காவிரிப் பாசனத்தில் "என் வயல், என் தீர்வை" என்று ஒருவன் தனியாக நிற்க முடியாது. வாய்க்கால் பொது, மடை பொது, தண்ணீர் முறை பொது. தொண்டை மண்டலத்தில் காணியாட்சி, தஞ்சாவூரில் மிராசு. ஊர் நிலம் முழுவதும் பங்குகளாக இருக்கும். சில ஊர்களில் சில வருஷத்துக்கு ஒருமுறை வயல்களையே மாற்றிக்கொள்வார்கள், அதற்குக் கரையீடு என்று பேர். பங்கு உனக்கு நிரந்தரம், வயல் நிரந்தரம் இல்லை. அந்த ஊருக்கு வந்து "இந்த வயல் யாருடையது" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

இதைப் புரிந்துகொண்ட வெள்ளைக்காரர் எல்லிஸ். சென்னைக் கலெக்டர். திருவள்ளுவர் உருவம் போட்ட நாணயம் அடித்தவர் என்று தமிழ்நாட்டில் அவருக்கு ஒரு தனிப் பாசம் உண்டு. மிராசு உரிமை என்றால் என்ன என்று 1818-இல் விரிவாக எழுதினார். அடுத்த வருஷமே இறந்துபோனார். 1820-இல் மன்றோ கவர்னராக வந்தார். வாதம் அத்தோடு முடிந்தது.

ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், மிராசை நான் தேன் தடவிப் பேசவில்லை. அந்தப் பங்கு யாருக்கு இருந்தது? பிராமணர், வேளாளர் போன்றோருக்கு. சேற்றில் இறங்கியவர்களுக்குப் பங்கு கிடையாது. தரிசு நிலத்துக்கு அவர்கள் தர்காஸ்து போட்டால் மிராசுதார் "எனக்குத்தான் முதல் உரிமை" என்று மறிப்பார், தாசில்தாரும் தலையாட்டுவார். செங்கல்பட்டுக் கலெக்டர் ட்ரெமென்ஹீர் 1891-இல் இதைப் பற்றி எழுதிய குறிப்பைப் படித்தால் வயிறு எரியும். வீடு கட்டிய மனைகூடச் சொந்தமில்லை. அதன் தொடர்ச்சியாக 1892-இல் அரசு ஒதுக்கியதைத்தான் பஞ்சமி நிலம் என்கிறோம். ஆக, "நேரடி" முறை வந்து எழுபது வருஷம் கழித்தும் உண்மையில் உழுகிறவன் பேர் கணக்கில் ஏறவில்லை.

#6 அரட்டைஅரங்கம்

கலெக்டர் என்ற பேரிலேயே வேலை இருக்கிறதே. கலெக்ட் பண்ணுகிறவர். "ஆட்சியர்" என்று மொழிபெயர்த்தவர் நாசூக்கானவர்.

#7 சட்டம்பேசுபவன்

அரட்டை விளையாட்டாகச் சொன்னாலும் விஷயம் அங்கேதான் இருக்கிறது. வசூலிப்பவர் எப்படி ஆட்சியர் ஆனார்?

வங்காளத்தில் கார்ன்வாலிஸ் 1793-இல் வசூலையும் நீதியையும் பிரித்தார். கலெக்டர் வரி வாங்குவார், ஜட்ஜ் வேறு ஆள், கலெக்டர் தப்புச் செய்தால் கோர்ட்டுக்குப் போகலாம். சென்னையிலும் 1802-இல் அதையே கொண்டுவந்தார்கள். கூடவே ஜமீன்தாரி முறையையும் இழுத்து வந்தார்கள். ஜமீன் இல்லாத சேலம், செங்கல்பட்டுப் பகுதிகளில் கிராமங்களை மிட்டா என்ற தொகுதிகளாகக் கட்டி ஏலம் விட்டார்கள். எடுத்தவர்களில் பலர் தொகை கட்ட முடியாமல் கொஞ்ச வருஷத்திலேயே விழுந்தார்கள். அப்புறம் கிராமக் குத்தகை என்று ஒரு பரிசோதனை. அதுவும் சரிப்படவில்லை.

மன்றோ இந்தப் பிரிவினையையே வெறுத்தார். குடியானவன் ஜில்லா கோர்ட்டுக்கு நூறு மைல் நடக்க மாட்டான், அவனுக்குக் கண்ணில் தெரிகிற ஒரே ஆளிடம் எல்லா அதிகாரமும் இருக்கட்டும் என்பது அவர் கட்சி. 1816 ஒழுங்குவிதிகள் அப்படி வந்தவைதான். கலெக்டருக்கே மாஜிஸ்திரேட் அதிகாரம், தாசில்தாருக்குப் போலீஸ், கிராமத் தலைவருக்குச் சின்ன வழக்குகள்.

விளைவு? வரி பாக்கி வைத்தவனை அடித்த தாசில்தார் ஆள் மேல் புகார் கொடுக்க வேண்டுமானால், அதே தாசில்தாரிடம் போலீஸ் என்ற முறையில் கொடுக்க வேண்டும். 1854-55-இல் சென்னையில் சித்திரவதை விசாரணைக் கமிஷன் உட்கார்ந்தது. எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்று மூன்று பேர். அறிக்கையில் தமிழ்ச் சொற்களே ஆங்கில எழுத்தில் வருகின்றன. கிட்டி, அதாவது விரல்களைக் கட்டைகளுக்கு நடுவே வைத்து நெரிப்பது. அண்ணாந்தாள், கழுத்தையும் காலையும் கயிற்றால் இழுத்துக் கட்டி வெயிலில் குனிய வைப்பது. இவை ஏதோ கொள்ளைக்காரனிடம் உண்மை வாங்க மட்டும் நடந்தவை அல்ல. சில ரூபாய் கிஸ்தி பாக்கிக்கு நடந்தவை.

கமிஷன் கடைசியில் என்ன சொன்னது தெரியுமா? எல்லாம் உள்ளூர்ச் சிப்பந்திகளின் வேலை, ஐரோப்பிய அதிகாரிகள் மேல் மக்களுக்குக் குறையே இல்லை என்று. வசூல் குறைந்தால் கேள்வி கேட்டது யார், இவ்வளவு வரவேண்டும் என்று மேலிருந்து எழுதியது யார் என்ற இடத்துக்கு அது போகவே இல்லை. ஆனாலும் ஒரு பலன் உண்டு. 1859-இல் போலீஸ் சட்டம் வந்து, போலீஸ் தாசில்தார் கையைவிட்டுப் போனது.

#8 கணக்கர்பேத்தி

நான் கர்ணம் வீட்டுப் பெண். தாத்தா கடைசிக் கர்ணம். 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஒரே அவசரச் சட்டத்தில் கிராம அதிகாரிகள் பதவியை எடுத்தபோது வேலை போன இருபதாயிரத்துச் சொச்சம் பேரில் ஒருவர். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்று தெரிந்துகொண்டு படியுங்கள்.

சித்திரவதைக் கமிஷனும் கீழே இருந்தவன் தலையில் போட்டது, பசலிக்காரன் தம்பியும் கர்ணம் மூட்டையைத்தான் குற்றவாளி ஆக்குகிறார். அந்த மூட்டையில் என்ன இருந்தது என்று சொல்கிறேன்.

வயல்வாரியாக என்ன பயிர், யார் செய்தது, எப்படித் தண்ணீர் பாய்ந்தது என்பது அடங்கல். ஒவ்வொரு ஆள் பேரிலும் எத்தனை நிலம், என்ன தீர்வை என்பது சிட்டா. இவை தவிர மழைக் கணக்கு, பிறப்பு இறப்பு, ஆடுமாடு, பனைமரம், கிணறு. ஜமாபந்திக்கு, அதாவது வருஷாந்திரக் கணக்குத் தணிக்கைக்கு, பத்து நாள் முன்பு எங்கள் திண்ணையில் கால் வைக்க இடமிருக்காது என்று அம்மா சொல்வார். தாத்தா சிவப்பு மையில் கோடு போடுவார், பெரிய மாமா கூட்டுவார், பாட்டி விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டே இருப்பார். கூட்டல் இரண்டு பக்கமும் ஒத்துவர வேண்டும், ஒரு பைசா இடித்தால் மறுபடி முதலிலிருந்து. விடிந்ததும் மஞ்சள் துணியில் கட்டி, மாட்டு வண்டியில் தாலுகா கச்சேரிக்கு. அங்கே ஷாமியானாவுக்குக் கீழே ஜமாபந்தி ஆபீசர் உட்கார்ந்திருப்பார். அவர் பக்கத்தில் சிரஸ்தார் என்ற தலைமை எழுத்தர் பக்கம் பக்கமாகப் புரட்டி, ஏதோ ஒரு வயலில் விரலை வைத்து, "இது ஏன் போன பசலியில் தரிசு, இந்தப் பசலியில் சோளம்?" என்பார். ஏன் என்று சொல்லத் தெரியவேண்டும். ஊரில் அத்தனை வயலும் தாத்தாவுக்கு மனப்பாடம்.

இத்தனைக்கும் சம்பளம் என்ன? ஆதியில் களத்தில் அளந்து கொடுக்கும் மேரை நெல்லும் மானிய நிலமும். 1864-இல் கிராமச் செஸ் என்று ஒரு கூடுதல் வரி வசூலித்து அதிலிருந்து ரொக்கச் சம்பளம் என்றார்கள். அந்தச் சம்பளத்தில் ஒரு மாட்டைக்கூட ஒழுங்காக வளர்க்க முடியாது என்பார் தாத்தா. பின்னே எப்படிக் குடும்பம் ஓடியது என்று கேட்காதீர்கள், உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

#9 பசலிக்காரன்

அக்கா, கோபம் வேண்டாம். மூட்டை குற்றவாளி என்று நான் சொல்லவில்லை. மூட்டைதான் சர்க்கார் என்கிறேன். நீங்கள் எழுதிய ஜமாபந்திக் காட்சியே என் சாட்சி. வருஷத்துக்கு ஒரு தடவை சாம்ராஜ்யம் ஷாமியானாவுக்குக் கீழே உட்கார்ந்து உங்கள் தாத்தாவைக் குறுக்கு விசாரணை செய்கிறது. ஏன்? அவர் சொல்வதைத் தவிர வேறு எதையும் தெரிந்துகொள்ள அதற்கு வழி கிடையாது.

பாஷையையும் பாருங்கள். கிராமத்தில் கணக்கு தமிழில். தாலுகா கச்சேரியிலும் ஹுசூர் என்ற கலெக்டர் கச்சேரியிலும் வெகுகாலம் மராட்டியில், ஏனென்றால் அங்கே இருந்த சிரஸ்தார்கள் பலர் மராட்டியப் பிராமணர்கள். 1786-இலேயே தொடங்கிய ரெவின்யூ போர்டுக்கு ஆங்கிலத்தில். ஒரு வயலின் கதை மூன்று பாஷை தாண்டிக் கோட்டைக்குப் போகிறது. நடுவில் எதை விட்டார்கள், எதைச் சேர்த்தார்கள் என்று கலெக்டருக்கு எப்படித் தெரியும்?

#10 கொங்குக்காற்று

தெரியவில்லை என்பதற்கு எங்கள் கோயம்புத்தூரே அத்தாட்சி. 1810-களில் கஜானாவைக் கையில் வைத்திருந்த உள்ளூர் அதிகாரி ஒருவர் கலெக்டர் மூக்குக்குக் கீழேயே வருஷக்கணக்கில் சுருட்டியிருக்கிறார். விசாரிக்க வந்தவர்கள் மன்றோவும் ஜான் சல்லிவனும். பிறகு சல்லிவனே இங்கே கலெக்டரானார், அப்புறம் ஊட்டி, உருளைக்கிழங்கு, ஏரி எல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை. ஜமாபந்தியிலும் கணக்குத் தணிக்கையிலும் இத்தனை கெடுபிடி ஏன் வந்தது என்பதற்கு இந்த மாதிரிச் சங்கதிகளும் காரணம்.

#11 மீசாலையூரான்

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். உங்கட சென்னை முறை எங்களுக்கும் ஒருக்கால் வந்து போனது, அதைச் சொன்னால் இந்த இழைக்குப் பொருந்தும்.

1796-இல் ஒல்லாந்தரிடமிருந்து இலங்கைக் கரையோரத்தைப் பிடித்தவுடன் கம்பெனி அதைச் சென்னையோடு சேர்த்தது. ரொபர்ட் ஆண்ட்ரூஸ் என்ற சென்னை உத்தியோகத்தர் வந்தார். ஊரில் வழிவழியாக இருந்த முதலியார்மாரை ஒதுக்கிவிட்டு, சென்னைப் பக்கத்து அமில்தார்களைக் கொண்டுவந்து வரி தண்ட விட்டார்கள். தென்னை மரத்துக்கு மரம் வரி. அமில்தாருக்கு இந்த ஊரும் தெரியாது, ஊருக்கு அவரையும் தெரியாது. வந்த வருஷத்துக்குள் கலகம். 1797-இல் விசாரணைக் குழு வைத்து அமில்தார்களை அனுப்பி, பழைய தலைமைக்காரரைத் திரும்பக் கூப்பிட்டார்கள். 1802-இல் இலங்கை கம்பெனியைவிட்டே போய் முடிக்குரிய குடியேற்ற நாடாகிவிட்டது.

அதுக்குப் பிறகு எங்கட கதை வேறை. 1833-இல் கோல்புரூக் - கமரன் சீர்திருத்தத்தோடு தீவை ஐந்து மாகாணமாக்கி, மாகாணத்துக்கு ஒரு அரசாங்க அதிபர். வட மாகாணத்தில் டைக் 1829 தொடக்கம் 1867 வரை கிட்டத்தட்ட ஒரு ஆயுள் முழுக்க இருந்தார். பிறகு ட்வைனம் இருபத்தேழு வருஷம். உங்கட கலெக்டர்மார் மாதிரி மூன்று வருஷத்தில் ஓடவில்லை. அவருக்குக் கீழே மணியகாரர், உடையார், விதானை. ஊரில் செல்வாக்கான குடும்பமாகப் பார்த்துத்தான் கொடுப்பார்கள், கூட ஒரு பட்டமும் கிடைக்கும். ஆக, உங்களிடம் கணக்குத் தெரிந்தவன் ஆண்டான், எங்களிடம் குடும்பம் தெரிந்தவன் ஆண்டான். 1963-இல் கிராமத் தலைமைக்காரரை எடுத்து கிராம சேவகரை வைத்தார்கள். என் அம்மம்மா கடைசிவரை "விதானையாரிட்டைக் கையெழுத்து வாங்கிவா" என்றுதான் சொன்னார்.

#12 ஒத்தையடிப்பாதை

மீசாலையூரான் ஐயா சொன்ன அமில்தார் கதை எனக்குப் புதிது. ஆள் மாறினால் முறை ஓடாது என்று 1797-இலேயே தெரிந்துவிட்டதே! அப்படியானால் சென்னையில் கர்ணங்களைக் கடைசிவரை ஏன் விட்டுவைத்தார்கள் என்பதும் புரிகிறது.

#13 புதுவைக்கடல்

எங்கள் பிரெஞ்சுக்காரர்கள் வேறு ரகம். நிலம் கொஞ்சம், சட்டம் அதிகம். 1880-இல் கொம்யூன்களாகப் பிரித்து மேயர், நகரசபை, தேர்தல் என்று பாரீஸை அப்படியே இறக்கினார்கள். பத்திரம் எழுத எங்களுக்கு நோத்தேர் என்று ஒரு பிரெஞ்சு முறை அதிகாரி இருந்தார். பாரீஸ் நாடாளுமன்றத்துக்கு ஒரு உறுப்பினர்கூட இங்கிருந்து போனார். சரி, ஓட்டுப் பெட்டியை யார் தூக்கிக்கொண்டு ஓடினார்கள் என்பது தனி இழைக்கான விஷயம், இங்கே வேண்டாம்.

#14 சட்டம்பேசுபவன்

#12-க்கு. விட்டுவைத்ததற்கு இன்னொரு காரணம், கர்ணம் மலிவு. அதோடு பாளையக்காரர் கதையை மறக்கக்கூடாது. தெற்கே ஊர்க்காவலும் தேசகாவலும் பாளையக்காரர் கையில் இருந்தன. 1799-இல் கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கிலிட்டு, 1801-க்குள் மற்றவர்களையும் அடக்கிய பிறகு, ஆயுதம் வைத்த இடைத்தரகர் யாரும் கம்பெனிக்கு வேண்டியிருக்கவில்லை. ராமநாதபுரம், சிவகங்கை போல மிஞ்சியவர்களை 1803 வாக்கில் நிரந்தரத் தீர்வைக் கட்டிய ஜமீன்தார்கள் ஆக்கினார்கள். மற்ற இடத்தில் எழுத்தாணி வைத்த இடைத்தரகர் போதும். அவர் கலகம் செய்யமாட்டார், அதிகபட்சம் ஒரு வயலை மறைப்பார்.

#15 மானாவாரி

மறைப்பது இருக்கட்டும். நல்லது செய்ய நினைத்தாலும் கர்ணம் எழுதினால்தான் ஆகும். மழை பொய்த்தால் தீர்வையில் வஜா, அதாவது தள்ளுபடி, உண்டு. ஆனால் உன் வயல் சாவி, மணி பிடிக்கவில்லை என்று கணக்கில் ஏறியிருக்க வேண்டும். கலெக்டரா வந்து கதிரைப் பிய்த்துப் பார்த்தார்? 1876-லிருந்து 78 வரை தாது வருஷப் பஞ்சத்தில் சேலம் ஜில்லா செத்துக் கிடந்தபோதும், பட்டினிக்காரன் பேர் நிவாரணப் பட்டியலில் ஏற ஊர் அதிகாரி சிபாரிசு வேண்டும்.

மன்றோவைப் பற்றி ஒன்று. 1827-இல் கவர்னர் பதவியை விட்டு ஊர் திரும்பவிருந்த சமயம் கடைசியாகப் பழைய சீமையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போய், கர்நூல் பக்கம் பத்திகொண்டாவில் காலரா வந்து இறந்தார். அங்கே பிள்ளைகளுக்கு மன்றோலப்பா என்று பேர் வைத்தார்கள். அப்படிப் பேர் வைக்கிற மாதிரி ஒரு கலெக்டர் அதற்குப் பிறகு வந்தாரா தெரியாது. சென்னைத் தீவுத்திடலில் குதிரைமேல் உட்கார்ந்திருக்கிறார், சேணமும் இல்லை, கால் வைக்க அங்கவடியும் இல்லை. பிடிமானம் இல்லாமல் ஓட்டிக்காட்டினவர் என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

#16 கணக்கர்பேத்தி

பசலிக்காரன் தம்பி, எல்லோரும் மன்றோவையே பேசுகிறீர்கள், முதலில் சொன்ன சீட்டை மறந்துவிட்டோமே. ஓரத்தில் ஏதோ சுருக்கெழுத்து என்றீர்களே, அது என்ன?

#17 பசலிக்காரன்

கண்ணாடி வைத்துப் பார்த்தேன் அக்கா. மேலே "தீ.ஏ.த." என்று இருக்கிறது. கீழே "சி.ஜ." மாதிரி தெரிகிறது. தொகை, பக்கத்து வயல் தீர்வையைவிட ரொம்பவே அதிகம். யுத்தம் முடிந்து விலைவாசி ஏறின சமயம் என்று நினைத்துக்கொண்டேன்.

#18 கணக்கர்பேத்தி

தம்பி, இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று இருக்கிறது.

தீ.ஏ.த. என்றால் தீர்வை ஏற்பட்ட தரிசு. அளந்து தீர்வையும் குறித்தாயிற்று, ஆனால் யாருக்கும் பட்டா கொடுக்கவில்லை, சர்க்கார் நிலம். சி.ஜ. என்றால் சிவாய் ஜமா, அதாவது பட்டா இல்லாமல் உள்ளே நுழைந்து பயிர் செய்தவன் பேரில் போடுகிற தனிக் கணக்கு. 1905-இல் நில ஆக்கிரமிப்புச் சட்டம் என்று ஒன்று வந்தது, அதன்படி தீர்வையோடு தண்டமும் சேர்த்து வாங்குவார்கள். இன்றைக்கு ஊரில் "பி மெமோ கட்டினேன்" என்கிறார்களே, அந்த ஜாதி. உங்கள் சீட்டு கிஸ்தி ரசீது இல்லை, தண்டச் சீட்டு. விலைவாசி காரணமில்லை.

#19 அரட்டைஅரங்கம்

கொள்ளுத்தாத்தா ஆக்கிரமிப்பாளர்!

#20 பசலிக்காரன்

அரட்டை, சும்மா இரும்.

அக்கா, அப்படியென்றால் எங்களுக்கு அந்த நிலம் எப்படி வந்தது? இன்று பட்டா அப்பா பேரில் இருக்கிறதே.

#21 கணக்கர்பேத்தி

அதற்கு வழி இருந்தது. ஏழெட்டு வருஷம் விடாமல் சி.ஜ. கட்டினால், "நான்தான் இத்தனை நாளாய்ப் பயிர் செய்கிறேன்" என்று தர்காஸ்து போடலாம். சாட்சி எது? அடங்கலில் உங்கள் கொள்ளுத்தாத்தா பேர் வருஷா வருஷம் ஏறியிருப்பதுதான். பேரை ஏற்றியது கர்ணம். அவர் வேறு யார் பேரையாவது எழுதியிருந்தால் அந்த ஆள்தான் இன்றைக்குப் பட்டாதாரர். ஆக்கிரமிப்பு என்று தண்டம் போட்ட கையெழுத்தும், பிறகு பட்டாவுக்குச் சாட்சி சொன்ன கையெழுத்தும் ஒரே கையெழுத்தாக இருக்கும், பெட்டியில் தேடிப் பாருங்கள். உங்கள் கொள்ளுத்தாத்தா அவருக்குத் தீபாவளிக்கு என்ன கொடுத்தார் என்பது மட்டும் எந்தக் கணக்கிலும் இருக்காது.

#22 திருவாரூர்வாசி

அந்தத் தரிசில் அதற்கு முன்னால் யாராவது ஆடு மாடு மேய்த்துக்கொண்டிருந்தார்களா, வேறு யாராவது தர்காஸ்து போட்டுத் தள்ளுபடி ஆனதா என்பதையும் பாருங்கள் தம்பி. பழைய அடங்கல் தாலுகா பதிவறையில் மிஞ்சியிருந்தால் நகல் மனு போடலாம்.

#23 பசலிக்காரன்

மனு போடுகிறேன் ஐயா. பெட்டியில் இன்னும் ஒரு கட்டு ஒட்டிப்போய்க் கிடக்கிறது, பிரித்தால் கிழிந்துவிடும் போல இருக்கிறது. நிழலில் காயவைத்திருக்கிறேன். மேல் தாளில் பசலி 1339 என்று மட்டும் தெரிகிறது, கையெழுத்து அதே மாதிரிதான் இருக்கிறது. அந்தத் தண்டச் சீட்டுக்குச் சட்டம் போட்டு மாட்ட அப்பா நேற்று கடையில் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். அவரிடம் நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை.